ஜீ.சி.எஸ்.ஈ. கணிதம்: வசனம் எழுதவேண்டிய கேள்விகளைப் பிள்ளையோடு செய்து பழகுவது எப்படி?

கணக்கு விறுவிறென்று செய்யும் பிள்ளைகளும் இங்கிலாந்தில் பிள்ளைகள் 16 வயதளவில் எழுதும் ஜீ.சி.எஸ்.ஈ. கணிதப் பரீட்சையில் இரண்டு இடத்தில் புள்ளியைக் கோட்டை விடுவார்கள். ஒன்று, கோணத்தைக் கண்டுபிடித்துக் காரணமும் எழுதச் சொல்லும் கேத்திரகணிதக் கேள்வி. மற்றது, வினாக்கொத்தில், அதாவது தகவல் திரட்ட ஆட்களிடம் கொடுக்கும் கேள்வித்தாளில், பிழை பிடிக்கச் சொல்லும் கேள்வி; இது பழைய கணிதத் தாள்களில் வந்தது, இப்போது பெரும்பாலும் புள்ளிவிபரவியல் தாளில் வரும். இரண்டிலும் விடையை மட்டும் எழுதினால் முழுப் புள்ளி வராது. டியூஷனில் வேகம் பழகுகிறார்கள், வசனம் எழுதப் பழகுவதில்லை. அதை வீட்டில் பழக்கலாம். உங்களுக்குக் கணிதம் மறந்து போயிருந்தாலும் பரவாயில்லை.

1. கேள்விகளைத் தேடி எடுங்கள்

எட்எக்செல், ஏ.கியூ.ஏ. என்ற பரீட்சைச் சபைகளின் இணையத்தளங்களில் பழைய வினாத்தாள்களும் மார்க் ஸ்கீமும் (புள்ளி போடும் திட்டம்) இலவசமாகக் கிடைக்கும். ஒரு தாளுக்கு 80 புள்ளி, ஒன்றரை மணித்தியாலம். அதாவது ஒரு புள்ளிக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூட. 4 புள்ளிக் கேள்வியில் பத்து நிமிடம் இருந்தால் எங்கோ சிக்கல்.

வினாக்கொத்துக் கேள்விகள் வேண்டுமென்றால், 2017இல் 9–1 தரமுறையில் (எழுத்துக்குப் பதில் 9 முதல் 1 வரை எண்ணால் தரம் போடுவது) முதல் பரீட்சை நடப்பதற்கு முந்தைய தாள்களைப் பாருங்கள். இப்போது அந்தக் கேள்விகள் புள்ளிவிபரவியல் ஜீ.சி.எஸ்.ஈ.யில்தான் அதிகம். முழுத்தாளையும் ஒரே இருப்பில் செய்யவைக்காதீர்கள், இரண்டு கேள்வி போதும்.

2. கோணக் கேள்வி

ஒரு தாளில் இரண்டு சமாந்தரக் கோடுகள் வரையுங்கள். மேல்கோட்டில் க. கீழ்க்கோட்டில் இடப்பக்கம் ச, வலப்பக்கம் ட. மூன்றையும் இணைத்தால் முக்கோணி. கச, சட இரண்டும் சம நீளம். மேல்கோட்டின் இடப்பக்கத்துக்கும் கச என்ற கோட்டுக்கும் இடையில் 64°. ட-இல் முக்கோணிக்குள் இருக்கும் கோணம் என்ன?

பாகைமானியை எடுக்க விடாதீர்கள். ‘படம் அளவுக்கு வரையப்படவில்லை’ என்று தாளிலேயே போட்டிருப்பார்கள். தெரிந்ததைப் படத்திலேயே குறித்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் காரணம் எழுதட்டும்:

ச-இல் உள்ள கோணம் 64° — ஒன்றுவிட்ட கோணங்கள் சமம்.
மிகுதி 180 − 64 = 116° — முக்கோணியின் கோணங்களின் கூட்டுத்தொகை 180°.
116 ÷ 2 = 58° — இருசமபக்க முக்கோணியின் அடிக்கோணங்கள் சமம்.

ஒன்றுவிட்ட கோணங்கள் என்றால், சமாந்தரக் கோடுகளுக்கு இடையில், அவற்றை வெட்டும் கோட்டின் எதிரெதிர்ப் பக்கங்களில் வரும் கோணங்கள். பரீட்சையில் முதல் காரணத்தை ‘ஆல்டர்னேட் ஆங்கிள்ஸ் ஆர் ஈக்வல்’ என்றே எழுத வேண்டும். வகுப்பில் ‘இசட் ஆங்கிள்’ என்று சொல்லிப் பழகிய பிள்ளை அதையே எழுதினால் காரணத்துக்கான புள்ளி கிடைக்காது. 58 சரியாக வந்தும் புள்ளி குறைவது இப்படித்தான்.

சரிபார்க்க ஒரு வழி: க-இல் வலப்பக்கக் கோணமும் ஒன்றுவிட்ட கோணம், ஆகவே 58°. நேர்கோட்டில் 64 + 58 + 58 = 180. சரி.

3. வினாக்கொத்துக் கேள்வி

‘நீங்கள் எத்தனை புத்தகம் வாசிப்பீர்கள்?’ என்று கேட்டு, கீழே மூன்று பெட்டி: 1–5, 5–10, 10–15. இதில் என்ன பிழை?

பிள்ளை முதலில் ‘கேள்வி சரியில்லை’ என்பான். அதற்குப் புள்ளி இல்லை. எது சரியில்லை என்று தோண்டிக் கேளுங்கள். வாரத்துக்கா, வருடத்துக்கா? கால அளவு இல்லை. 5 புத்தகம் வாசித்தவர் எந்தப் பெட்டியில் அடையாளம் போடுவார்? பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. ஒன்றுமே வாசிக்காதவருக்கும் 15க்கு மேல் வாசித்தவருக்கும் பெட்டியே இல்லை. இரண்டு பிழை கேட்டால் வெவ்வேறான இரண்டை எழுத வேண்டும். 5, 10 இரண்டும் இரண்டு பெட்டியில் வருவது ஒரே பிழைதான்.

பிறகு திருத்தி எழுதச் சொல்லுங்கள்: ‘கடந்த மாதத்தில் எத்தனை புத்தகம் வாசித்தீர்கள்?’ பெட்டிகள் 0, 1–3, 4–6, 7 அல்லது அதற்கு மேல். ‘கொஞ்சம்’, ‘நிறைய’ என்று பெட்டி போடக்கூடாது. ஒருவருக்கு நிறைய என்பது மற்றவருக்குக் கொஞ்சம்.

புத்தகத்தை முழு எண்ணில் எண்ணுவதால் 1–3, 4–6 சரிவரும். நேரத்தைக் கேட்டால் சரிவராது: 1–3 மணி, 4–6 மணி என்று போட்டால் மூன்றரை மணிக்காரர் எங்கே போவார்? ‘3 மணிக்கு மேல், 6 மணி வரை’ என்று எழுத வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளைகளும் சறுக்கும் இடம் இது.

4. திருத்துவது

மார்க் ஸ்கீமை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளை எழுதி முடிக்கும்வரை கொடுக்கவேண்டாம். அதில் எம் என்றால் முறைக்கு, ஏ என்றால் சரியான விடைக்கு, எட்எக்செல்லில் சி என்றால் விளக்கத்துக்கு. எட்எக்செல் திட்டத்தில் காரணத்தில் கட்டாயம் இருக்கவேண்டிய சொற்களுக்குக் கீழே கோடு போட்டிருப்பார்கள். அந்தச் சொற்கள் பிள்ளையின் வசனத்தில் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் புள்ளி கொடுக்காதீர்கள், ‘அவனுக்குத் தெரியும்தானே’ என்று இரங்கவும் வேண்டாம். விட்ட வசனத்தை மட்டும் அடுத்த வாரம், படத்தைத் திருப்பிப் போட்டு, இன்னொருமுறை எழுதச் சொல்லுங்கள்.