யாழ்ப்பாணத்து வெக்கையில் மெமரி ஃபோம் மெத்தை: வாங்கும்போதும் வாங்கிய பிறகும் நடக்கும் தவறுகள்

கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் சொந்தக்காரர் விடுமுறைக்கு வந்து, "எங்கட வீட்டில மெமரி ஃபோம் மெத்தைதான், இப்ப நாரி நோவே இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனால் இங்கேயும் ஒன்று வாங்கும் எண்ணம் வந்துவிடுகிறது. அவர் சொல்வது உண்மைதான். ஆனால் அவருடைய படுக்கையறைச் சூடு வேறு, நம்முடையது வேறு. இந்த மெத்தையில் நடக்கும் பாதித் தவறுகள் இதைக் கவனிக்காமல் விடுவதால் வருகின்றன.

மெமரி ஃபோமின் குணமே சூட்டுக்கு ஏற்ப மாறுவதுதான். 1966இல் நாசாவுக்காக, விமான இருக்கைகளைப் பாதுகாப்பாக்க, சார்ல்ஸ் யோஸ்ட் என்ற பொறியியலாளர் உருவாக்கிய பொலியூரிதேன் நுரை இது. உடம்புச் சூடு பட்டதும் இளகி, உடம்பின் வளைவுக்கு ஏற்ப அமிழும். அதனால் தோளிலும் இடுப்பிலும் அழுத்தம் குறையும். ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு இது பெரிய சுகம். பக்கத்தில் படுத்திருப்பவர் இரவு முழுக்கப் புரண்டாலும் அந்த அசைவு நம்மிடம் அவ்வளவாக வராது. ஆனால் இதே நுரை குளிரில் இறுகும், வெக்கையில் இன்னும் இளகும். உடம்பு அமிழ்ந்த இடத்தில் காற்றோட்டம் குறைவதால் சூடும் தேங்கி நிற்கும். வைகாசி, ஆனி மாதப் புழுக்கத்தில், நுளம்பு வலைக்குள், கரண்ட் போய் மின்விசிறியும் நின்றுவிட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே முதல் தவறு, முழுக்க மெமரி ஃபோமாலான தடித்த மெத்தையைத் தேடுவது. நம் ஊர் வெக்கைக்கு, மேலடுக்கில் மட்டும் 2 அங்குல மெமரி ஃபோம் போதும். கீழே இறுக்கமான சாதாரண ஃபோமோ ஸ்பிரிங்கோ தும்போ இருக்கட்டும். ஜெல் கலந்தது குளிரும் என்பார்கள். படுத்த கொஞ்ச நேரத்துக்குக் குளிரும்தான், பிறகு ஜெல்லும் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். அதற்கென்று அதிகக் காசு கொடுப்பதைவிட, நல்ல பருத்தி விரிப்புக்குச் செலவழிப்பது பிரயோசனம். ரெக்சின் உறையோ பிளாஸ்ரிக் விரிப்போ போட்டால் வியர்வைக்குப் போக வழியே இருக்காது. மெத்தையோடு வந்த பொலித்தீனைக் கழற்றாமலே படுப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைக் கழற்றிவிடுங்கள்.

இரண்டாவது, ஏசி போட்ட கடையில் நின்றபடி கையால் அமத்திப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது. அந்தக் குளிரில் நுரை இறுக்கமாகத் தெரியும். வீட்டுக்குக் கொண்டுவந்தால் அதே மெத்தை அமிழும். செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டில் எப்படிப் படுப்பீர்களோ அப்படியே 10, 15 நிமிடம் படுத்துப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, கொடுக்கப்போவது உங்கள் காசு. வீட்டில் இன்னும் கொஞ்சம் அமிழும் என்று கணக்கில் வைத்து, கடையில் சற்று இறுக்கமாகத் தெரிவதையே எடுங்கள்.

அப்புறம், மெத்தென்று இருப்பதெல்லாம் மெமரி ஃபோம் இல்லை. உள்ளங்கையை அழுத்தி வைத்துவிட்டு எடுங்கள். கை பதிந்த அடையாளம் சில விநாடிகள் நின்று மெல்ல மறைந்தால் அது மெமரி ஃபோம். சட்டென்று எழும்பினால் சாதாரண ஃபோம். உறையில் சிப் (zip) இருந்தால் திறந்து காட்டச் சொல்லுங்கள். அடர்த்தியையும் கேளுங்கள்: கன மீற்றருக்கு 50 கிலோவும் அதற்கு மேலும் என்றால் நம்பி வாங்கலாம். ஆறடிக்கு ஐந்தடி மெத்தையில் 2 அங்குல அடுக்கு மட்டும் அப்போது ஏறக்குறைய 7 கிலோ வரும். 30 கிலோ அடர்த்தி என்றால் 4 கிலோவைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அப்படிப்பட்டது சீக்கிரமே குழி விழும்.

நாரி நோவுக்கு வெறும் பலகைதான் நல்லது என்று நம் வீடுகளில் சொல்வது வழக்கம். 2003இல் லான்செட் மருத்துவ இதழில் ஸ்பெயினில் செய்த ஓர் ஆய்வு வெளிவந்தது. நீண்டநாள் நாரி நோவுள்ள 313 பேரில் ஒரு பகுதியினருக்கு இறுக்கமான மெத்தை, மற்றவர்களுக்கு நடுத்தர இறுக்கமுள்ள மெத்தை கொடுத்தார்கள். 90 நாளின் பின் நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே நோவு நன்றாகக் குறைந்திருந்தது. அந்த ஆய்வு மெமரி ஃபோமைப் பற்றியது அல்ல. ஆனால் பலகையும் வேண்டாம், புதையும் மெத்தையும் வேண்டாம் என்று முடிவெடுக்க அது உதவும்.

வாங்கிய பிறகு நடக்கும் பெரிய தவறு வெயில். பஞ்சு மெத்தையை முற்றத்தில் போட்டுக் காயவிட்டுப் பழகிய கை, இதையும் வெயிலுக்குத் தூக்கும். வெயில் பட்டால் ஃபோம் மஞ்சளாகி, பொருபொருத்து உதிரத் தொடங்கும். நிழலான விறாந்தையில் காற்றுப் படும்படி நிமிர்த்தி வையுங்கள். புது மெத்தையின் மணமும் இரண்டு மூன்று நாளில் இப்படியே போய்விடும். தண்ணீரில் கழுவவே கூடாது. உள்ளே போன ஈரம் லேசில் வெளியே வராது. மாரி காலத்தில் சீமெந்துத் தரையில் நேரே விரித்தால் அடியில் பூஞ்சணம் பிடிக்கும். கட்டில் வேண்டும், கட்டிலின் சட்டங்களுக்கு இடையில் 3 அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. மெமரி ஃபோம் மேலடுக்கில் மட்டும் இருக்கும் மெத்தையைப் புரட்டிப் போட முடியாது. சில மாதங்களுக்கு ஒருமுறை தலைமாடு கால்மாடாகத் திருப்பினால் சரி.

நுளம்புச் சுருளைக் கட்டிலுக்குக் கீழே கொளுத்தி வைக்கும் பழக்கத்தை இந்த மெத்தை வந்த நாளோடு விட்டுவிடுங்கள். பொலியூரிதேன் பற்றினால் மளமளவென்று எரியும், அதன் புகை நச்சுப் புகை. கரண்ட் இல்லாத நேரத்து மெழுகுதிரிக்கும் இதே கவனம் வேண்டும்.

அம்மம்மா, அப்பப்பாவுக்காக வாங்குவதென்றால் அவர்களையே படுக்கவிட்டுப் பாருங்கள். ஆழமாக அமிழும் மெத்தையில் வயதானவர்களுக்குத் திரும்பிப் படுப்பதும் எழும்புவதும் கஷ்டம். படுக்கையிலேயே இருப்பவருக்கு அழுத்தம் குறைவது நல்லதுதான். ஆனால் மெத்தை இருக்கிறதே என்று அவரைத் திருப்பிவிடாமல் இருந்தால் படுக்கைப்புண் வரும். கைக்குழந்தையை இதில் கிடத்தவே கூடாது. முகம் அமிழ்ந்து மூச்சு முட்டலாம். பிள்ளைக்கு இறுக்கமான, சமமான தனிப் படுக்கை வேண்டும்.