அம்மாவுக்கு டிமென்ஷியா (மறதி நோய்), தூக்கம் போனது எனக்கு

அம்மாவுக்கு மாத்திரை, மருந்து எல்லாம் நேரத்துக்கு நடந்தது. தேய்ந்துகொண்டிருந்தது நான்தான். "ரொம்பச் சோர்வாக இருக்கிறது" என்றால் டாக்டரும் தலையாட்டுவார், அண்ணனும் தலையாட்டுவார். அதோடு சரி.

அப்புறம் ஸாரிட் என்பவர் பெயரில் உள்ள ஒரு கேள்வித்தாள் கிடைத்தது. பராமரிப்பவரின் சுமையை அளப்பது. 22 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், அதிகபட்சம் 88. நிரப்பி நீட்டியதும் டாக்டரின் பேச்சே மாறியது. என் தூக்கம், என் ரத்த அழுத்தம் பற்றியெல்லாம் விசாரித்தார்.

அதே தாளை அண்ணனுக்கும் அனுப்பினேன். உதவி வேண்டுமா என்று கேட்பவர்களிடம் "பரவாயில்லை" என்பது வீண். வேலையைப் பெயர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை ராத்திரி இப்போது அண்ணன் பொறுப்பு. நான் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறேன். மருந்து வாங்குவது தங்கைக்கு.

மாலைதான் கடினம். இருட்டத் தொடங்கியதும் அம்மா பையை மாட்டிக்கொண்டு "வீட்டுக்குப் போகணும்" என்று தாழ்ப்பாளைத் திருகுவார். இதுதான் வீடு என்று வாதாடினால் இருவருக்கும் அழுகைதான் மிச்சம். அதனால் இருட்டும் முன்பே எல்லா விளக்கையும் போட்டுத் திரைச்சீலையை இழுத்துவிடுகிறேன். பகல் தூக்கத்தையும் குறைத்தாயிற்று. அப்படியும் கிளம்பினால், "சரிம்மா, இந்தத் துணியை மடிச்சுட்டுக் கிளம்பலாம்" என்பேன். துண்டை ஓரத்துக்கு ஓரம் சேர்த்து மடிக்க உட்கார்ந்துவிடுவார். எல்லா நாளும் பலிக்காது. பலிக்காத நாளில் வாசல் வரை கூடவே நடந்துவிட்டுத் திரும்புவோம். அண்ணனுக்கும் இதே வித்தையைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.