அலாரம் அடிச்சா நெஞ்சு படபடப்பு, காரணம் ரிங்டோன்

மூணு வாரமா காலைல அலாரம் அடிச்சாலே நெஞ்சு படபடன்னு அடிச்சு கை வேர்த்துடும், பெங்களூரு மாரத்தஹள்ளி டிராஃபிக்ல பஸ்ல உக்காந்தப்புறமும் அந்த ஒரு மாதிரி இருக்கறது விடாது. ஈசிஜி நார்மல், தைராய்டு நார்மல், காபிய நிறுத்திப் பாத்தேன் தலைவலிதான் மிச்சம். ஞாயித்துக்கிழமை அம்மா எழுப்பினா மட்டும் ஒண்ணும் இல்ல, அப்பதான் பொறி தட்டுச்சு: ஆபீஸ் சர்வர்ல பிரச்சனைன்னா போன்ல அடிக்கற ஆன்கால் அலர்ட்டுக்கும் அலாரத்துக்கும் ஒரே டோன்! சர்வர் விழுந்துருச்சுன்னு மூளை நெனச்சு ஆபத்துன்னா உடம்ப உஷார்படுத்தற சிம்பதெடிக் நரம்ப தட்டிவிட, கிட்னி மேல இருக்கற அட்ரினல் சுரப்பி நெஞ்ச வேகமா அடிக்க வைக்கற அட்ரினலின நொடில ஊத்துது. அது சில நிமிஷத்துல கரைஞ்சிடும், ஆனா பின்னாடியே மூளைல இருக்கற ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி சுரப்பி வழியா கிளப்பிவிடற கார்டிசால்ங்கற ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ரத்தத்துல பாதியா குறையவே 60-90 நிமிஷம் ஆகுமாம், அதான் பஸ் வரைக்கும் இழுத்துச்சு போல. டோன புல்லாங்குழலுக்கு மாத்தினேன். அஞ்சாவது நாள்லேர்ந்து படபடப்பு இல்ல, எழுந்திரிக்கதான் லேட்டாகுது.