சுளுக்கு என்று எழுதப்பட்ட முழங்கால்: தவறிய நோயறிதலையும் அதனால் வரும் செலவையும் சமாளிக்கும் வழி

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேல் போன இறகுப்பந்தை அடிக்க உடலைத் திருப்பினேன். ஊன்றியிருந்த வலது கால் திரும்பவில்லை. முழங்காலுக்குள் சொடக்கு விழுவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. மாலைக்குள் முட்டி இளநீர்க்காய் போல வீங்கிவிட்டது. வீட்டருகே இருந்த ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் ஒன்றுமில்லை, சுளுக்குதான் என்று எழுதிக் கொடுத்தார்கள். வீக்கம் வடிந்த பிறகும் படியிறங்கும்போது கால் நழுவுகிறது என்று மீண்டும் போய்ச் சொன்னபோது, 44 வயதாகிறதே என்று கூறி, 'மூட்டுத் தேய்மானத்தின் தொடக்கம்' என்று எழுதினார்கள். ஐந்து மாதம் கழித்து வேறோர் ஊரில் எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேன், முன் குறுக்குத் தசைநார் முழுவதும் அறுந்திருப்பதையும், உட்புறக் குருத்தெலும்பு வட்டும் கிழிந்திருப்பதையும் காட்டியது. அறுவைச் சிகிச்சையைவிட, 'சுளுக்கு', 'தேய்மானம்' என்ற அந்த இரண்டு சொற்கள் காப்பீட்டு அலுவலகத்தில் செய்த வேலையைச் சரிக்கட்டுவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. எனவே இந்த நிலைக்கு ஆளானவர் காலைச் சரிசெய்யும்போதே காகிதத்தையும் சரிசெய்துகொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

முதலில் காயத்தின் சரியான பெயர்

நம் ஊர்ப் பேச்சில் 'ஜவ்வு கிழிந்துவிட்டது' என்ற ஒரே தொடர் இரண்டு வெவ்வேறு காயங்களைக் குறிக்கிறது. எலும்போடு எலும்பைக் கட்டி வைத்திருக்கும் தசைநார் ஒன்று. தொடை எலும்புக்கும் கணைக்கால் எலும்புக்கும் இடையே மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு வட்டு மற்றொன்று. இரண்டுமே எக்ஸ்ரேயில் தெரிவதில்லை. ஆகையால் 'எக்ஸ்ரே நார்மல்' என்பதற்கு, பெரிய எலும்பு முறிவு எதுவும் கண்ணுக்குத் தென்படவில்லை என்பதே பொருள். முழங்கால் நலமாக இருக்கிறது என்பது பொருளன்று.

அடிபட்ட சில மணி நேரத்துக்குள் முட்டி பெரிதாக வீங்கினால், பெரும்பாலும் மூட்டுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும். அடிபடும்போது சத்தம் கேட்டது, திரும்பும்போதோ படியிறங்கும்போதோ கால் நழுவுவது, இவையெல்லாம் தசைநார் அறுந்ததற்கான அறிகுறிகள். கால் பாதி மடங்கிய நிலையில் சிக்கிக்கொண்டு நீட்ட முடியாமல் போனால், கிழிந்த வட்டின் ஒரு பகுதி மூட்டுக்குள் மடிந்து மாட்டியிருக்கலாம். படுத்த நிலையில் முழங்காலை நேராக வைத்தபடி காலை உயர்த்தவே முடியாவிட்டால், தொடைத் தசையை முட்டிச் சில்லோடு இணைக்கும் நாண் அறுந்திருக்க வாய்ப்புண்டு; இதை வாரக்கணக்கில் தள்ளிப்போட்டால் தைப்பது கடினமாகிவிடும் என்பதால், இந்த ஓர் அறிகுறிக்கு மட்டும் மறுநாள் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். சிறுவர் முழங்கால் வலி என்று சொன்னால் இடுப்பு மூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். வலி அங்கிருந்து கீழே இறங்கி வருவது உண்டு.

முதல் நாள் பார்த்த மருத்துவருக்கு ஒரு நியாயமும் உண்டு. முட்டி வீங்கி, நோயாளி வலியில் தசையை இறுக்கிக்கொண்டிருக்கும்போது, முழங்காலை 20 முதல் 30 பாகை வரை மடக்கிக் கணைக்கால் எலும்பை முன்னால் இழுத்துப் பார்க்கும் லாக்மேன் சோதனையைச் சரியாகச் செய்வது கடினம். அதனால்தான் வீக்கம் வடிந்தபின், ஒன்றிரண்டு வாரத்தில், மறுபரிசோதனை செய்யப்பட வேண்டும். தவறு பெரும்பாலும் நடப்பது அந்த இரண்டாவது வருகையில்தான். என்னுடைய முழங்காலைக் கையால் தொட்டுப் பார்க்காமலே அன்று சீட்டு எழுதப்பட்டது.

சரியான பெயரை அறிய, மூட்டு நுண்துளை அறுவைச் சிகிச்சையில் பழக்கமுள்ள எலும்பு மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்னால் எம்.ஆர்.ஐ. எடுப்பதே வழி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இது எடுக்கப்படுகிறது. தனியார் மையத்தைவிடச் செலவு குறைவு. இடைப்பட்ட காலத்தில் எண்ணெய் போட்டு நீவுவதும், கட்டுப் போட்டு முடக்கி வைப்பதும் அறுந்த தசைநாரை ஒட்டவைக்கா. தொடைத் தசை சூம்பிப்போவதுதான் மிஞ்சும். புத்தூர்க் கட்டில் குணமானவர்கள் உங்கள் உறவிலும் இருப்பார்கள். அவர்களுக்கு என்ன காயம் இருந்தது என்பதை ஸ்கேன் எடுத்துப் பார்த்தவர் யாரும் இருக்கமாட்டார்.

ஸ்கேனில் தசைநார் அறுந்தது தெரிந்துவிட்டால் மறுநாளே அறுவைச் சிகிச்சை என்று ஓடவும் வேண்டாம். ஓடியாடித் திரும்ப வேண்டிய வேலையோ விளையாட்டோ இல்லாதவர்களில் சிலர் முறையான பயிற்சியினாலேயே நன்றாக நடமாடுகிறார்கள். அறுவை தேவைப்படுபவருக்கும், அதற்கு முன்பே வீக்கம் வடிந்து, முழங்கால் முழுவதும் நீளும் நிலைக்கு வந்தால், பின்னால் மூட்டு விறைத்துப்போகும் ஆபத்து குறைகிறது. ஆனால் காரணம் தெரிந்தபின்னும் நழுவும் காலோடு ஓடுவதும் குதிப்பதும் கூடாது. ஒவ்வொரு நழுவலும் வட்டைக் கிழிக்கக் கூடியது. எனக்கு இரண்டாவது காயம் அப்படித்தான் சேர்ந்தது.

காகிதத்தைத் திருத்துவது

கோபத்தோடு பழைய மருத்துவமனைக்குப் போய்ச் சண்டையிடுவதற்கு முன், உங்கள் ஆவணங்களை எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் பதிவுகளை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். ஒரு தாளில் பெயர், நோயாளி எண், சென்ற தேதிகள், வேண்டிய ஆவணங்கள் ஆகியவற்றை எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை தர மறுத்தால், சேர்ந்ததற்கான சான்றோடு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள்; பதிவுத் தபால் 2025-இல் அதனோடு இணைக்கப்பட்டுவிட்டது. புறநோயாளிச் சீட்டு பெரும்பாலும் நோயாளியிடமே தரப்படுவதால் அதைத் தொலைத்தவருக்கு வேறு நகல் கிடைப்பது அரிது. மருந்துக் கடைப் பில்களும் ஸ்கேன் மைய ரசீதுகளும் வெப்பத்தாளில் அச்சிடப்பட்டவை. ஓராண்டில் வெள்ளைத் தாளாகிவிடும் என்பதால் அன்றன்றே நகலெடுங்கள். எம்.ஆர்.ஐ. அறிக்கை போதாது, ஃபிலிமும் குறுந்தகடும் வேண்டும்.

அடுத்து, இப்போது பார்க்கும் மருத்துவரிடம் ஒரு கால வரிசைக் குறிப்பு கேளுங்கள். அடிபட்ட தேதி, அடிபட்ட விதம், முதல் நோயறிதல், நழுவல் தொடங்கிய காலம், ஸ்கேன் தேதி, தற்போதைய நோயறிதல், இந்தக் காயம் அந்த விபத்தோடு பொருந்துகிறதா என்ற அவரது கருத்து, இத்தனையும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். முதல் மருத்துவரைக் குறைசொல்லும் வாக்கியம் எதையும் அதில் எழுதச் சொல்லாதீர்கள். எழுதவும் மாட்டார், அது தேவையும் இல்லை. தேதியை மாற்றி எழுதச் சொல்வது அதைவிடப் பெரிய பிழை. ஒரு தேதி பொய்யென்று தெரிந்தால், மீதி உண்மை முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

அந்த ஒரு சொல் பணத்தைத் தொடும் இடங்கள்

பல மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளில் மூட்டுச் சிகிச்சைகளுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு; விபத்தினால் நேர்ந்தது என்றால் அந்தக் காத்திருப்பு பொருந்தாது என்ற விலக்கும் பெரும்பாலும் அதே வரியில் இருக்கும். 'தேய்மானம்' என்ற சொல் உங்களை அந்த விலக்கிலிருந்து வெளியே தள்ளி, பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய் என்ற கேள்வியையும் எழுப்புகிறது. எனக்கு வந்த கடிதம் அதைத்தான் கேட்டது. ஆகவே பணமில்லாச் சிகிச்சைக்கான (கேஷ்லெஸ்) படிவத்தில் 'எவ்வளவு காலமாக இந்த உபாதை', 'விபத்தினாலா' என்ற இரண்டு கட்டங்களையும் மருத்துவமனைக் காப்பீட்டு மேசையில் இருப்பவர் அவசரத்தில் நிரப்ப விடாமல், கால வரிசைக் குறிப்பை முன்னால் வைத்து நிரப்பச் செய்யுங்கள். பொதுவாக மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 30 நாள் செலவும், வீடு திரும்பிய பின் 60 நாள் செலவும்தான் கிடைக்கும். ஐந்து மாதத்துக்கு முன்பு செய்த வீண் சிகிச்சைக்கான பணம் இந்த வழியில் வராது.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் ஏற்புடையதாக இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் மனு செய்யலாம். அவருக்கு அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

தொழிலாளிக்கு இந்தச் சொல்லின் விலை இன்னும் வெளிப்படையானது. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ளவர் வேலை செய்யும்போது அடிபட்டதாகப் பதிவு இருந்தால், தற்காலிக இயலாமைக்கு ஊதியத்தில் 90 விழுக்காடு, அந்த இயலாமை நீடிக்கும் வரை கிடைக்கும். அதே கால் வெறும் 'மூட்டு வலி' என்று பதிவானால் அது நோய்க்கால உதவியாகி, 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் என்று சுருங்கிவிடும். தொழிற்சாலையின் விபத்துப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

சாலை விபத்தாக இருந்தால் அரசு மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பியில் (விபத்துப் பதிவேட்டின் நகலில்) எந்தெந்தக் காயம் எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அதில் சிராய்ப்பு மட்டும் இருந்து முழங்கால் விட்டுப்போயிருந்தால், பின்னால் வந்த ஸ்கேனுக்கும் விபத்துக்கும் தொடர்பில்லை என்று எதிர்த்தரப்பு வாதிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் இழப்பீட்டு மனுவுக்கு ஆறு மாதக் கெடு விதித்திருப்பதால், நோயறிதல் தாமதமானவர்கள் வழக்கறிஞரைப் பார்ப்பதையும் தாமதிக்கக் கூடாது.

கைப்பணம்

இத்தகைய அறுவைக்குப் பின் மேசை வேலைக்குச் சில வாரங்களில் திரும்பலாம். சுமை தூக்குபவர், கட்டட வேலை செய்பவர் போன்றோருக்குப் பல மாதம் ஆகும். விளையாட்டுக்கு ஒன்பது மாதம் என்பது பொதுவான கணக்கு. செலவுக் கணக்குப் போடும்போது எல்லாரும் ஆபரேஷன் பில்லைப் பார்த்துவிட்டு, பிசியோதெரபியை மறந்துவிடுகிறார்கள். அது மாதக்கணக்கில் நீள்வது. காப்பீடு பெரும்பாலும் தொடாதது. பணம் தீர்ந்ததென்று பயிற்சியை நடுவில் விட்டால், அறுவைக்குக் கொடுத்ததும் வீணாகும். ஆகவே அந்தத் தொகையை முதலில் ஒதுக்கிவைத்து, மீதியில் மற்றதைத் திட்டமிடுவதே சரி என்பது என் கருத்து.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த அறுவை எந்த மருத்துவமனையில் கிடைக்கும் என்பதை, சேர்வதற்கு முன்பே திட்டத்தின் உதவி மேசையில் கேட்க வேண்டும். பி.எஃப். உள்ளவர்கள் மருத்துவத் தேவைக்கு முன்பணம் எடுக்கலாம்; அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை, ஆனால் ஓய்வுக்காலச் சேமிப்பு அந்த அளவுக்குக் குறையும். கடன்தான் வழி என்றால் வங்கி நகைக்கடன், கிரெடிட் கார்டு நிலுவையைவிட மிகக் குறைந்த வட்டியில் முடியும். தவணை தவறிய பின் வங்கிக்குப் போவதைவிட, தவறப்போவது தெரிந்தவுடன் மருத்துவச் சான்றோடு போய்க் கேட்பது பலன் தரும். மீட்டர் வட்டிக்கு வாங்கியவர்கள், தமிழ்நாட்டில் 2003 முதல் கந்துவட்டித் தடைச் சட்டம் இருப்பதை மனத்தில் வைக்கலாம்.

இழப்பீடு கேட்பதா

தவறிய நோயறிதல் எல்லாமே அலட்சியம் ஆகாது. தீர்மானத்தில் நேரும் பிழையை அலட்சியமாகக் கருத முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் கூறியிருக்கிறது. வீங்கிய முட்டியை முதல் நாள் சுளுக்கு என்றது பிழையாக இருக்கலாம்; நழுவுகிறது என்று திரும்பத் திரும்பச் சொல்லியும் பரிசோதிக்காதது வேறு வகை. எனவே நீங்கள் சொன்னது சீட்டில் பதிவாகியிருப்பதுதான் உங்கள் வழக்கின் முதுகெலும்பு.

உச்ச நீதிமன்றத்தின் 1995 தீர்ப்பின்படி கட்டணம் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வருகிறது. காப்பீட்டு நிறுவனம் கட்டணம் செலுத்தியிருந்தாலும் வரும். எல்லாருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை வராது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நீங்கள் வசிக்கும் ஊரிலேயே, வழக்கறிஞர் இல்லாமலும் மனு செய்யலாம். செலுத்திய கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. கெடு இரண்டு ஆண்டு. தவறு தெரியவந்த நாளிலிருந்து அதை எண்ணலாம் என்ற வாதத்துக்கு இடமுண்டு. ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம். வயிற்றுக்குள் துணி விட்டுத் தைக்கப்பட்ட ஒரு நோயாளி, ஒன்பது ஆண்டு வலியோடு இருந்தும் அறுவை செய்த மருத்துவரிடம் திரும்பிப்போய்க் கேட்கவில்லை என்பதால், காலம் கடந்துவிட்டதாக 2010-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

கேட்கும் தொகையிலும் நிதானம் வேண்டும். தசைநார் அறுந்தது மருத்துவரால் அன்று. அதற்கான அறுவை எப்படியும் வந்திருக்கும். தாமதத்தால் கூடியது எதுவோ, அதாவது வீண் மருந்து, கூடுதல் மாதங்களின் ஊதிய இழப்பு, பின்னால் கிழிந்த வட்டுக்கான செலவு, அதற்கு மட்டும் ரசீதோடு கணக்குக் காட்டினால் மனு வலுவாக நிற்கும். மருத்துவரின் நடத்தை பற்றிய புகாரைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு அனுப்பலாம். ஆனால் அங்கிருந்து உங்களுக்குப் பணம் வராது.

நான் ஆணையத்துக்குப் போகவில்லை. பதிவுத் தபாலில் அனுப்பிய இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு, பழைய மருத்துவமனை 'தேய்மானம் என்பது ஸ்கேன் எடுப்பதற்கு முந்தைய உத்தேசக் கருத்து' என்று ஒரு வரி எழுதி முத்திரையிட்டுக் கொடுத்தது. அந்த வரியை இணைத்த பிறகு காப்பீட்டு நிறுவனம் ஏழு வாரத்தில் பணம் அனுப்பியது. பிசியோதெரபிக்கான செலவு மட்டும் என் கணக்கிலேயே நின்றது.