புல்லட் எந்த வருடம் பிறந்தது? கார், பைக் பற்றி எழுத வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு பையன் தன் புத்தகத்தின் முதல் மூன்று அத்தியாயங்களை அனுப்பியிருந்தான். இரண்டு வருடமாகக் கார் விமர்சனம் எழுதுகிறவன், நடை நன்றாகவே வருகிறது. சென்னையின் மோட்டார் தொழில் பற்றிய புத்தகம். இரண்டாவது அத்தியாயத்தில் ஒரு வரியைப் படித்ததும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். அந்த வரி தவறு. முதலில் அதை எழுதியவன் நான்.

எழுத்துப்பிழை, வேரியன்ட் பெயரை மாற்றிப் போடுவது மாதிரியான விஷயங்களை உதவி ஆசிரியர் பார்த்துக்கொள்வார். அவர் கண்ணில் படாத சிலவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

சொந்தக் கட்டுரையையே ஆதாரமாக நம்புவது

வரி இதுதான்: 1955 முதல் புல்லட் முழுக்க முழுக்க மெட்ராஸிலேயே தயாரானது. பத்திரிகை வேலையில் இருந்தபோது, மாலை ஆறு மணிக்குள் பக்கம் போக வேண்டிய அவசரத்தில், ஏதோ பழைய துணுக்கைப் பார்த்து எழுதியது. ஆறு வருடம் கழித்துப் புத்தகம் எழுத உட்கார்ந்தபோது என் கட்டுரைகளை வெட்டி ஒட்டிய ஃபைலைத்தான் முதலில் எடுத்தேன். மேலே என் பெயர் அச்சாகியிருந்தது. அதனால் சரிபார்க்கத் தோன்றவே இல்லை.

1955-ல் நடந்தது வேறு. மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தில் ரெடிச் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. 350 சிசி புல்லட் உதிரிகளாக வந்து இங்கே பூட்டப்பட்டது. பாகங்களைச் செய்வதற்கான கருவிகள் இங்கே விற்கப்பட்டது 1957-ல். எல்லாப் பாகமும் இந்தியாவிலேயே தயாராக 1962 ஆகிவிட்டது. ஏழு வருடம் ஒரு தொழிற்சாலை கற்றுக்கொண்ட வேலையை நான் அரை வரியில் முடித்துவைத்திருந்தேன்.

புத்தகம் வந்து மூன்றாவது வாரம் திருவொற்றியூரிலிருந்து ஒரு போன். ஓய்வுபெற்ற ஃபிட்டர். கோபமே இல்லை அவர் குரலில். “தம்பி, 55-லயே எல்லாத்தையும் நாமளே செஞ்சோம்னு போட்டிருக்கீங்க. அப்ப நாங்க பிரிச்ச பெட்டியெல்லாம் யாரு அனுப்புனது?”

பதில் சொல்ல வாய் வரவில்லை. அச்சிட்டது 1,000 பிரதி. குடோனில் மிச்சம் இருந்த 600-க்கும் பிழைதிருத்தச் சீட்டு ஒட்ட இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. சீட்டு, பசை, ஆட்டோ செலவெல்லாம் ராயல்டியில் கழிந்தது. அது போகட்டும். விற்றுப்போன 400-ஐ என்ன செய்வது? அதிலிருந்து ஒருவர் கட்டுரை எழுதினார், அந்தக் கட்டுரையைப் பார்த்து இன்னொருவர் வீடியோ போட்டார். ஒரு தடவை ஒருவரைத் திருத்தப் போனேன். “உங்க புக்லயே இருக்கே சார்” என்று என் பக்கத்தையே எடுத்துக் காட்டினார். இந்தப் பையனும் போனில் அதையேதான் சொன்னான்: “மூணு இடத்துல செக் பண்ணேன் சார்.” அந்த மூன்று இடமும் நான்தான்.

இப்போது நான் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். ஒரு வண்டிக்கு ஒரு வருடம் என்று எழுதுவதில்லை. கம்பெனி பதிவானது, முதல் வண்டி பூட்டியது, அறிமுக விழா, முதல் வாடிக்கையாளர் கைக்குப் போனது என்று தனித்தனி கட்டம். மாருதி 1981-ல் தொடங்கிய கம்பெனி, ஆனால் முதல் 800-ன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தது 1983 டிசம்பர் 14-ல். ஹூண்டாய் இங்கே கம்பெனி தொடங்கியது 1996, சான்ட்ரோ வந்தது 1998. கடைசிக் கட்டத்தில், காகிதத்தைக் கண்ணால் பார்த்தேனா, யாராவது சொன்னதா என்று குறித்துக்கொள்வேன். என் பழைய கட்டுரைகளெல்லாம் ‘யாரோ சொன்னது’ கணக்கில்தான் வரும்.

மைலேஜை டேஷ்போர்டைப் பார்த்து எழுதுவது

டேங்க் ஃபுல் செய்து ஓட்டி, திரும்ப ஃபுல் செய்து பாருங்கள். அதிலும் தூரம் வேண்டும். 60 கிலோமீட்டர் ஓட்டி 3 லிட்டர் பிடித்தால் லிட்டருக்கு 20. பங்க்கில் நாசில் கொஞ்சம் தாமதமாகக் கட் ஆகி அரை லிட்டர் கூட இறங்கியிருந்தால் அதுவே 17 ஆகிவிடும். 500 கிலோமீட்டர் ஓட்டினால் அதே அரை லிட்டர் தவறு 20-ஐ 19.6 ஆக மட்டுமே மாற்றும். இரண்டு தடவையும் அதே பங்க், முடிந்தால் அதே மெஷின், அதே டயர் காற்று.

கம்பெனி சொல்லும் எண்ணைப் பொய் என்று எழுதுவதும் சோம்பேறித்தனம்தான். அந்தச் சோதனை ஆய்வகத்தில் உருளை மேல், ஏசி போடாமல், 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் நடப்பது. அண்ணா சாலையில் மாலை ஏழு மணிக்கு நடப்பதல்ல. வித்தியாசம் ஏன் என்று இரண்டு வரி எழுதினால் வாசகருக்குப் புரியும்.

‘இந்தியாவின் டெட்ராய்ட்’

சென்னையை அமெரிக்காவின் கார் நகரத்தோடு ஒப்பிடும் இந்தப் பட்டத்தை எல்லாரும் எழுதியாகிவிட்டது. போதும்.

விமர்சனங்களைத் தைத்துப் புத்தகம் என்பது

பி.எஸ்.6 என்ற கடுமையான புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்த 2020 ஏப்ரலுக்கு முன்பு நான் எழுதிய டீசல் கார் விமர்சனங்களில் பாதியை இன்று எடைக்குத்தான் போட வேண்டும். விமர்சனம் வாங்கப்போகிறவருக்கு எழுதுவது. வண்டியும் கடையும் போன பிறகும் படிக்க என்ன இருக்கிறது? அந்த வண்டியைச் செய்தவர், ஓட்டிப் பிழைத்தவர், பட்டறையில் அதன் கீழே படுத்துக் கிடந்தவர். அவர்களிடம் பேசாத ஒரு தொகுப்பை நானும் போட்டேன். அதன் பெயரை இங்கே சொல்வதாக இல்லை.

ஓசிப் பயணத்தை மறைப்பது

புது வண்டியை ஓட்டிப் பார்க்க நம்மைக் கூட்டிப் போவார்கள்; ஃபிளைட், ரிசார்ட் எல்லாம் கம்பெனி செலவு. போகாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை, நானும் போனவன்தான். ஆனால் செலவு அவர்களுடையது, ஓட்டியது ஒன்றரை மணி நேரம், ரோட்டைத் தேர்ந்தெடுத்ததும் அவர்களே என்பதைக் கட்டுரையிலேயே எழுதிவிடுங்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தை வைத்து “நீண்ட பயணத்துக்கு ஏற்றது” என்று மட்டும் எழுதாதீர்கள்.

பிஎஸ்ஸும் பிஎச்பியும்

இரண்டும் இன்ஜின் சக்தியைச் சொல்லும் அலகுகள், ஆனால் ஒன்றல்ல. 100 பிஎஸ் என்றால் 98.6 பிஎச்பி.

எம்பார்கோ

இந்த நேரத்துக்கு முன் வெளியிடக் கூடாது என்று கம்பெனி வைக்கும் கெடு அது. நள்ளிரவு 12 என்றால் 12. 11.58 இல்லை.