பெத்ரோலோவின் நாவலைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பறக்கும் தட்டுகள் வந்து உலகத்தை அழிக்கின்றன. மிஞ்சுவது 14 வயது ஆல்பாவும் 9 வயது தீடாக்கும். கதைச் சுருக்கத்தை மட்டும் கேட்டால் மலிவுவிலைச் சாகசக் கதை போலத்தான் இருக்கும். மானுவல் தெ பெத்ரோலோ ஸ்பெயினின் கட்டலோனியப் பகுதியில் பேசும் கட்டலான் மொழியில் எழுதி, 1974இல் வெளிவந்த 'இரண்டாம் தோற்றத்தின் தட்டச்சுப் பிரதி' அப்படித்தான் தொடங்குகிறது. சாரா மார்ட்டினின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2018இல் வெஸ்லியன் பல்கலைக்கழகப் பதிப்பாக வந்தது. அதை எடுக்கும் முன் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

பெரிய தவறு, கடைசிப் பக்கங்களைப் பின்னிணைப்பு என்று நினைத்துத் தள்ளிவிடுவது. ஆல்பாவின் கதை ஐந்து குறிப்பேடுகளாக வந்து முடிகிறது. அப்புறம் பல ஆயிரம் ஆண்டுகள் கழித்து வாழும் ஒரு பதிப்பாளர் பேசத் தொடங்குகிறார். கையில் கிடைத்த இந்தப் பிரதி உண்மையா, யாரோ ஒருவரின் கற்பனையா, இன்றைய மனித குலத்துக்கு ஆல்பாதான் தாயா என்று ஆராய்கிறார். இவ்வளவு நேரம் நாம் மனம் பதைத்துப் படித்ததெல்லாம் அவருக்கு வெறும் ஆவணம். இந்தப் பகுதியை விட்டால் நாவலின் பாதி போயிற்று. சோதனை முயற்சி என்பது இதில் குழப்பமான நடையில் இல்லை, இந்தக் கட்டமைப்பில் இருக்கிறது.

அடுத்த தவறு, கதையை மட்டும் துரத்திக்கொண்டு ஓடுவது. முதல் வாக்கியத்திலேயே ஆல்பா தோட்டத்திலிருந்து ஒரு கூடை கறுப்பு அத்திப்பழத்தோடு திரும்பி வருகிறாள். வழியில் இரண்டு பையன்கள் தீடாக்கை அடித்து நீர்நிலைக்குள் தள்ளுகிறார்கள். அவன் தோல் கறுப்பு, அவர்களுக்கு அது போதும். ஆல்பா குதித்துக் காப்பாற்றுகிறாள். இருவரும் தண்ணீருக்குள் இருந்த அந்த நேரத்தில்தான் தாக்குதல் நடக்கிறது. வெறுப்பு தள்ளிய இடமே உயிர் காத்த இடமாகிறது. பெத்ரோலோ இதற்கு ஒரு விளக்கமும் தருவதில்லை, சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். பத்திகளுக்கு எண் போட்டிருப்பதையும் கவனியுங்கள். வேதாகம வசனங்களின் நடையில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. வேகமாகப் படித்தால் தட்டையான நடை என்று தோன்றும். கொஞ்சம் வாய்விட்டுப் படித்தால் இது வேதாகமத்தில் உலகத் தோற்றத்தைச் சொல்லும் முதல் நூலைப் போன்ற ஒரு ஆதியாகமம் என்பது பிடிபடும்.

வேற்றுக்கிரகவாசிகள் யார், ஏன் வந்தார்கள் என்று தேடுவதும் வீண். கதையின் அக்கறை இடிபாடுகளிலிருந்து புத்தகங்களைக் காப்பாற்றும் இரண்டு பிள்ளைகள் மீதுதான்.

கட்டலோனியப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகப் படித்ததால் இதைச் சிறுவர் நூல் என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். அது சரியில்லை. ஆல்பாவும் தீடாக்கும் வளர வளர வரும் சில இடங்கள் பெரியவர்களையே சங்கடப்படுத்தும்.

துப்பறியும் கதையும் விண்வெளிக் கதையும் பெத்ரோலோவுக்குப் பொழுதுபோக்கு, தீவிர எழுத்து வேறு என்று பிரிப்பதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. 1963 முதல் 1970 வரை எடிசியோன்ஸ் 62 பதிப்பகத்தின் 'லா குவா தெ பாய்யா' வரிசையை நடத்தியவர் இவர். கறுப்பும் மஞ்சளுமான அட்டையில் 70க்கும் மேற்பட்ட குற்றக் கதைகள் வந்தன. ஹாமெட், சிமெனோன் போன்ற புகழ்பெற்ற குற்றக் கதை எழுத்தாளர்கள் எல்லாம் கட்டலானில் கிடைத்தார்கள். ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி கட்டலானை ஒடுக்கிய காலம் அது. ஒரு மொழி உயிரோடு இருக்க வேண்டுமென்றால் அதில் கொலைக் கதையும் வேண்டும் என்பது அவருடைய தீர்மானம். 1965இல் வந்த 'ஜோக் புருத்' இதே வரிசையில் அவர் எழுதிய நாவல். இவரை ஸ்பானிய எழுத்தாளர் என்று பொதுவாகச் சொல்லிக் கடந்தால் இந்தப் போராட்டம் முழுக்க மறைந்துபோகும்.

இந்த ஒரு நாவலோடு நிறுத்திவிடாதீர்கள். தானியல் பஸ்தீதா என்ற ஒரே மனிதனுக்கு அமைந்திருக்கக்கூடிய வெவ்வேறு வாழ்க்கைகளைத் தனித்தனி நாவல்களாக எழுதிய 'தெம்ஸ் ஓபெர்த்' வரிசை இருக்கிறது. 1961இல் எழுதி, 1975 வரை அச்சேறாமல் கிடந்த 'அக்தெ தெ வியோலென்சியா' என்ற நாவலும் இருக்கிறது. அதில் ஒரு நகரமே வீட்டைவிட்டு வெளியே வராமல் இருந்து சர்வாதிகாரியை எதிர்க்கிறது.