மறுக்கும்போதும் நல்ல பெயர் தேடாதீர்கள்

அரிசிப் பானை காலியானால் என் அம்மா "அரிசி இல்லை" என்று ஒருநாளும் சொன்னதில்லை. "அரிசி நிறைந்திருக்கிறது" என்பார். அப்பா பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்புவார். அப்படிக் கிளம்பும்போதும் "போகிறேன்" என்று சொல்லக் கூடாது, "போய்விட்டு வருகிறேன்" என்றுதான் சொல்ல வேண்டும். 'இல்லை' என்ற சொல்லை வாசற்படி தாண்டி உள்ளே விடாத அந்த வழக்கம் எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால் பானையிடம் சொல்லாத சொல்லை மனிதர்களிடமும் சொல்லாமலே வளர்ந்துவிட்டேன். "அந்தப் பெண் இருக்கும் இடமே தெரியாது" என்று உறவினர்கள் மெச்சியபோது பெருமையாகக்கூட இருந்தது.

இந்தப் பழக்கத்துக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு: முகதாட்சண்யம். எதிரே இருப்பவரின் முகம் வாடிவிடுமே என்று, மனம் ஒப்பாததற்கும் தலையாட்டுவது. இதை அன்போடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அன்பினால் கொடுத்தவர் அதை அப்போதே மறந்துவிடுவார். முகத்துக்காகக் கொடுத்தவர், வந்தவரை வாசல்வரை சிரித்து வழியனுப்பிவிட்டு, கதவைச் சாத்தியதும் வீட்டில் இருப்பவர்கள்மேல் எரிந்துவிழுவார். நானும் அப்படி எரிந்துவிழுந்திருக்கிறேன்.

தென்மாவட்டக் கிளை ஒன்றில் வங்கிக் கடன் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். அங்கே என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதவர்களில் கடன் வாங்கியவர்களைவிட ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களே அதிகம். எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: "வெறும் கையெழுத்துதானே என்று போட்டேன்." 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 128-வது பிரிவு, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய, கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு என்கிறது. "முதலில் அவரிடம் வசூலித்துப் பாருங்கள், வராவிட்டால் என்னிடம் வாருங்கள்" என்று கேட்க இடமில்லை என்பதை உச்ச நீதிமன்றம் 1968-இலேயே தெளிவாக்கிவிட்டது. ஜாமீன் போட்ட கடன், நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையிலும் ஏறும். பிறகு மனம் மாறி, "என் பெயரை எடுத்துவிடுங்கள்" என்று வங்கிக்கு எழுதிக்கொடுத்தாலும், வங்கி ஏற்கெனவே வழங்கிவிட்ட தவணைக் கடனிலிருந்து அதன் சம்மதமில்லாமல் விலக முடியாது.

இவ்வளவும் தெரிந்த நானே உடன் வேலை பார்த்த ஒருவருக்குக் கையெழுத்துப் போட்டேன். அவர் தவணையை நிறுத்தியதும் 22 மாதங்கள் என் சம்பளத்தில் பிடித்தம். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வளையலை அடகு வைத்தேன். அறிவுக் குறைவால் வந்த வினையல்ல அது. மதிய உணவு இடைவேளையில், டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, நான்கு பேர் முன்னால் அவர் கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து என்னால் மறுக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு இந்தப் பழக்கத்தை விடுவதென்று முடிவு செய்தேன். விடுவதிலும் எத்தனை தவறுகள் செய்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இப்போது திரும்பிப் பார்த்தால் அவை எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். மறுக்கத் துணிந்துவிட்டேன், ஆனால் அந்த மறுப்பைக் கேட்டும் எதிராளி என்னை நல்லவள் என்று சொல்ல வேண்டும் என எதிர்பார்த்தேன்.

காரணம் சொல்லி மறுப்பது

இதுதான் எல்லோரும் செய்வது. என் கொழுந்தனார் முறை உள்ள ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டுக்கு வந்தார். கையில் கடன் விண்ணப்பம். காபியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, படிவத்தை விரித்து, பேனா மூடியையும் கழற்றி வைத்துவிட்டு, "ஒரு கையெழுத்துதான், மதினி" என்றார்.

"சம்பளச் சான்றிதழ் கேட்பார்கள் தம்பி. அது கைக்கு வர ஒரு வாரம் ஆகும்" என்றேன்.

"ஒரு வாரம்தானே, காத்திருக்கிறேன்."

"அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்."

அவர் அங்கேயே கைப்பேசியை எடுத்து என் கணவரை அழைத்தார். "அவள் இஷ்டம்டா" என்று பதில் வந்தது. என் வீட்டுக் கூடத்தில், என் நாற்காலியில் உட்கார்ந்தபடி, தப்பிக்க நான் வைத்திருந்த இரண்டு வாசல்களும் ஒவ்வொன்றாக அடைபடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. காரணம் என்று ஒன்றைச் சொன்னால், கேட்பவர் அதை ஒரு தடையாகத்தான் எடுத்துக்கொள்வார். தடையை நீக்கிக் கொடுப்பதுதானே அவருடைய வேலை? சம்பளச் சான்றிதழ் பொய்க் காரணம். கணவரைக் கேட்க வேண்டும் என்பதும் பொய்தான். பொய்க்காரணம் நீங்கிய பிறகு மறுக்க வாய் வராது, ஏனென்றால் இனி மறுத்தால் முதலில் சொன்னது பொய் என்று தெரிந்துவிடும்.

கடைசியில் சொன்னேன்: "தம்பி, நான் யாருக்கும் ஜாமீன் கையெழுத்துப் போடுவதில்லை. உங்களுக்கும் போடமாட்டேன்."

அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. காபியின்மேல் ஆடை படிந்தது. மின்விசிறி சுற்றுவது கேட்டது. வாயைத் திறந்தால் "தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள்" என்று ஆரம்பித்துவிடுவேன், அங்கிருந்து கையெழுத்துக்கு இரண்டு அடி தூரம்தான் என்று தெரிந்ததால், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு நிமிடத்தைத் தாங்கிக்கொள்ளத் தெரியாமல்தான் அதுவரை என் வாழ்க்கையில் இத்தனை தலையாட்டல்கள் நடந்திருக்கின்றன.

'முடியவில்லை' என்பதற்கும் 'செய்வதில்லை' என்பதற்கும் உள்ள தூரத்தை அன்றுதான் உணர்ந்தேன். முடியவில்லை என்றால், முடிய வைக்க வழி தேடுவார்கள். செய்வதில்லை என்பது என் வழக்கம். அதில் தேட ஒன்றுமில்லை. உண்மையான காரணம் இருந்து, அதைச் சொல்ல மனமும் இருந்தால் சொல்லுங்கள், ஒரே ஒரு முறை. வாதாடுவதற்காகச் சொல்லாதீர்கள்.

"பார்க்கலாம்"

நம் மொழியிலேயே மிகவும் ஆபத்தான விடை இது. சொல்பவருக்கு அது மறுப்பு. கேட்பவருக்கு அது பாதிச் சம்மதம். "பார்க்கலாம்" என்று நான் சொன்னதை நம்பி ஒரு தோழி சீட்டில் என் பெயரையும் சேர்த்து ஆள் கணக்கு முடித்துவிட்டாள். கடைசி நேரத்தில் நான் விலகியபோது அவளுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. முதல் நாளே மறுத்திருந்தால் அவளுக்கு ஒரு நாள் வருத்தத்தோடு போயிருக்கும். என் மென்மையால் நஷ்டப்பட்டவள் அவள்தான்.

யோசிக்க நேரம் வேண்டுமென்றால் நாள் குறித்துச் சொல்லுங்கள். "புதன்கிழமை இரவுக்குள் சொல்கிறேன்" என்று சொல்லி, புதன்கிழமை நீங்களே அழைத்துச் சொல்லிவிடுங்கள். அவராகக் கேட்கும்வரை காத்திருந்தால் மறுபடியும் அவர் முகம் எதிரில் வந்துவிடும்.

நான்கு முறை மறுத்து ஐந்தாம் முறை தலையாட்டுவது

உளவியலாளர் ஸ்கின்னர் விலங்குகளை வைத்துச் செய்த சோதனைகளில் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு முறையும் இரை கிடைத்துப் பழகியதைவிட, எப்போதாவது மட்டும் கிடைத்துப் பழகிய செயல்தான் எளிதில் மறைவதில்லை. மனிதர்களிடமும் அப்படித்தான். நான்கு முறை மறுத்துவிட்டு ஐந்தாம் முறை இணங்கினால், "இவளிடம் ஐந்து முறை கேட்க வேண்டும்" என்று நாமே கற்றுக்கொடுக்கிறோம். அதைவிட முதல் முறையே சம்மதிப்பது எவ்வளவோ மேல்.

இன்னொன்றையும் எதிர்பாருங்கள். நீங்கள் மறுக்கத் தொடங்கிய புதிதில் கேட்பது குறையாது, கூடும். குரல் உயரும், கண்ணீர் வரும், "நீ மாறிவிட்டாய்" என்ற பேச்சு வரும். வழக்கமாகக் கிடைத்தது நின்றுபோனால் முதலில் முயற்சி பெருகும் என்பதும் அதே ஆய்வுகள் காட்டியதுதான். அதைப் பார்த்து, தவறு செய்துவிட்டோமோ என்று பின்வாங்காதீர்கள்.

எரிந்துவிழுந்து மறுப்பது

வருடக்கணக்கில் அடக்கியவர் ஒருநாள் வெடிப்பார். "இந்த வீட்டில் எல்லோருக்கும் நான்தான் கிடைத்தேனா?" என்று, உப்பு எடுத்துத் தரச் சொன்ன பிள்ளையிடம் கத்துவார். கேட்பவர்கள் நம்மைத் தெரிந்தே சுரண்டுகிறார்கள் என்று நினைப்பதால் இந்தக் கோபம் வருகிறது. பெரும்பாலும் அது உண்மையல்ல. ஃபிராங்க் ஃப்ளின், வனெஸா லேக் என்ற ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். உதவி கேட்கப் போகிறவர்கள், எத்தனை பேர் சம்மதிப்பார்கள் என்பதைக் குறைத்தே கணக்கிட்டார்கள். நேருக்கு நேர் மறுப்பது எதிராளிக்கு எவ்வளவு சங்கடம் என்பது கேட்பவருக்கு உறைப்பதில்லை. "விருப்பமில்லாவிட்டால் சொல்லிவிடுவாள்" என்று நம்பித்தான் கேட்கிறார்கள். நாம் சொல்லாமல் இருந்துவிட்டு, அவர்களுக்குப் புரிந்திருக்க வேண்டும் என்று மனத்துக்குள் வழக்கு நடத்துகிறோம்.

பெரிய ஆளிடமிருந்து தொடங்குவதும் தவறு. மாமியாரிடமோ அப்பாவிடமோ முதல் மறுப்பைச் சொல்லிப் பார்த்துவிட்டு, தோற்று, இனி என்னால் ஆகாது என்று விட்டவர்கள் பலர். துணிக்கடையில் பத்துப் புடவைகளை விரித்துக் காட்டியவரிடம் "எதுவும் பிடிக்கவில்லை, வருகிறேன்" என்று சொல்லி எழுந்து வாருங்கள். இலையில் இன்னொரு கரண்டி வைக்க வருபவரிடம் கையைக் காட்டி, அந்தக் கையை எடுக்காமல் வைத்திருங்கள். சிறியவைதான், ஆனால் வயிற்றைப் பிசைவது இங்கேயும் அதே பிசைவுதான்.

அந்தப் பிசைவு போன பிறகு மறுக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். அது முதலில் போகாது. நீங்கள் மறுத்து, வானம் இடிந்து விழவில்லை என்று பலமுறை கண்ட பிறகு, மெல்லக் குறையும். எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

ஒரு விதிவிலக்கை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். மறுத்தால் அடி விழும் வீட்டில், தலையாட்டுவது பழக்கமல்ல, தற்காப்பு. அங்கே இந்தக் கட்டுரையில் உள்ள எதையும் செய்து பார்க்க வேண்டாம். பெண்களுக்கான 181 உதவி எண்ணில் பேசுங்கள். அச்சமும் தூக்கமின்மையும் தனியே சமாளிக்க முடியாத அளவுக்குப் போனால், மனநல ஆலோசனைக்கு அரசின் டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் தமிழிலும் கிடைக்கிறது.

கொழுந்தனார் அன்று காபியைக் குடிக்காமலே எழுந்தார். விண்ணப்பத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கடன் அவருக்கு வேறொருவர் ஜாமீனில் கிடைத்தது. ஒழுங்காகக் கட்டி முடித்தும்விட்டார். "மதினி போட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?" என்று உறவில் சிலரிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவர் மகளின் காதுகுத்துக்குப் பத்திரிகை வந்தது. போனோம், மொய் எழுதினோம். பந்தியில் அவரே வந்து என் இலைக்குப் பாயசம் ஊற்றினார். ஆனால் முன்புபோல ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. அந்த வருத்தத்தோடுதான் இருக்கிறேன்.